பத்து நாளில் கவர் வரும் என்று நம்பி 38,000 ரூபாய் கொடுத்த கதை

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறேன். நாளைக்கு 150 பாக்கெட் ஓடும். அச்சடித்த கவர் 1,800 மிச்சம் இருந்தபோது, அதாவது 12 நாளைக்கு மட்டும், புதிதாக ஆர்டர் கொடுக்கப் போனேன். வழக்கமான பிரிண்டர் 25 நாள் கேட்பார். மொத்த வியாபாரிகளைக் காட்டும் ஒரு ஆன்லைன் தளத்தில் ஒருத்தர் 10 நாள் போதும் என்றார், பெயருக்குப் பக்கத்தில் வெரிஃபைட் என்று பச்சை டிக் வேறு. வீடியோ காலில் மெஷின் ஓடுவதைக் காட்டி, "மேடம், அடுத்து ஏறப்போறது உங்க கவர்தான்" என்றார். விழுந்துவிட்டேன். டிசைனைக் கவரில் அச்சடிக்கிற சிலிண்டருக்கான செலவும் சேர்த்து 38,000 ரூபாயை அன்று சாயங்காலமே முழுசாக அனுப்பினேன். இரண்டு நாள் மிச்சம் இருக்கே என்று மனக்கணக்கு வேறு.

8ஆம் நாள் கேட்டால், "10 நாள்னா டிசைன் ஓகே ஆன தேதியில இருந்து மேடம்." 12ஆம் நாள், சிலிண்டர் வரவில்லை. அப்புறம் லேமினேஷன் காயவில்லை. அப்புறம் போனே எடுக்கவில்லை, மெசேஜில் ப்ளூ டிக் மட்டும். வறுத்து அரைத்த பொடி டிரம்மில் கிடக்க, நாலு கடையில் என் கொக்கியில் வேறு பிராண்ட் தொங்கியது.

31ஆம் நாள் பார்சல் வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் 14 இலக்கம். கவரில் எண்ணிப் பார்த்தேன், 13. திரும்ப எண்ணினேன், 13தான். நான் ஓகே சொன்ன டிசைனில் சரியாகத்தான் இருக்கிறது. "இதையெல்லாம் யாரு மேடம் எண்ணிப் பாக்கப் போறாங்க" என்கிறார்! தளத்தில் புகார் கொடுத்தால், டிக் என்பது ஜிஎஸ்டி நம்பரைச் சரிபார்த்ததற்கு மட்டுமாம், பணம் அவர்கள் வழியாகப் போகாததால் தலையிட முடியாதாம். 38,000 ரூபாய்!

ஸ்டாக் வைப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். சப்ளையர் சொல்கிற நாளை நம்பாமல், இதுவரை ஆன அதிகபட்ச நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்: எனக்கு, வழக்கமான பிரிண்டரின் 25 நாளுக்கு 3,750, அதோடு ஒரு வாரத்துக்கு 1,050, ஆக 4,800 கவர் இருக்கும்போதே ஆர்டர் போயிருக்க வேண்டும். அவசரத்துக்கு வெறும் கவரும் ஸ்டிக்கரும் கொஞ்சம் வைத்திருங்கள்.

இன்று காலை பழைய பிரிண்டரிடம் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை அவர், 25 நாள் ஆகும்மா என்றார். டிரம்மில் இருக்கிற பொடிக்கு அவ்வளவு நாள் மணம் நிற்காது.