கேபிளா, வைஃபையா, வாட்ஸ்அப்பா? கணினிக்கும் கைபேசிக்கும் இடையே கோப்புகளைக் கொண்டு செல்லும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கணினியிலிருந்து கைபேசிக்கு ஒரு கோப்பை மாற்ற எந்த வழி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தக் கணினி, எந்தக் கைபேசி என்று தெரிந்த பிறகுதான் விடை சொல்ல முடியும். விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்டு கைபேசியும் கையில் இருந்தால் ஒரு கேபிளே போதும், எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. மேக் கணினியும் ஐபோனும் இருந்தால் கேபிள்கூட வேண்டாம். சிக்கலெல்லாம் குறுக்கே சேரும் இணைகளில்தான் இருக்கிறது: விண்டோஸுடன் ஐபோன், மேக்குடன் ஆண்ட்ராய்டு. இந்த வழிகளை வேகத்தை மட்டும் வைத்து எடைபோடுவது வழக்கம். என் கணக்கில் வேகம் மூன்றாவது இடத்துக்குரியது. கோப்பு இருந்தபடியே போய்ச் சேர்கிறதா என்பது முதல் கேள்வி, அதற்காக எத்தனை மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது.

முதலில் கேபிளை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கணினியில் செருகியதும் மின்னேற்றம் மட்டும் நடக்கிறது, கோப்புகள் தெரியவில்லை என்பது அடிக்கடி கேட்கும் குறை. கைபேசித் திரையில் மேலிருந்து இழுக்கும் அறிவிப்புப் பகுதியில் யுஎஸ்பி பயன்பாட்டைக் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் மலிவான சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக்கான கம்பிகள் இருக்காது.

பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் தங்கள் நினைவகத்தைப் பென் டிரைவைப் போல முழுதாகக் கணினியிடம் ஒப்படைத்தன. அந்த நேரத்தில் கைபேசியின் செயலிகளால் அதே நினைவகத்தைத் தொட முடியாது. 2011 வாக்கில் வந்த பதிப்புகளிலிருந்து ஆண்ட்ராய்டு எம்டிபி என்னும் நெறிமுறைக்கு மாறியது. இதில் நினைவகம் கைபேசியின் பொறுப்பிலேயே இருக்கிறது, கணினி ஒவ்வொரு கோப்பையும் கைபேசியிடம் கேட்டுத்தான் பெறுகிறது. இந்த ஏற்பாட்டால் விளையும் இரண்டு சங்கடங்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. கைபேசியில் உள்ள ஆவணத்தை அங்கேயே வைத்துக் கணினியில் திருத்த முடியாது, அதை முதலில் கணினிக்கு எடுத்து, திருத்தி, மீண்டும் அனுப்ப வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே பேச்சுவார்த்தை நடப்பதால், 5 ஜிபி அளவுள்ள ஒரே காணொளி விரைவாகப் போய்விட, அதே அளவுள்ள ஆயிரக்கணக்கான சிறு படங்கள் நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். கணினியிலிருந்து அனுப்புவதானால் அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பிக் கைபேசியில் பிரித்துக்கொள்வது மேல்.

வேகத்தைப் பொறுத்தவரை, யுஎஸ்பி 2.0 தரம் வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி என்று சொல்லப்பட்டாலும் நடைமுறையில் 30 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் 5 ஜிபி காணொளி இரண்டு மூன்று நிமிடங்களில் போய்ச் சேரும். டைப்-சி முனையைப் பார்த்து வேகத்தை ஊகிப்பது சட்டையைப் பார்த்துச் சம்பளத்தை ஊகிப்பது போன்றது. 2023இல் டைப்-சிக்கு மாறிய ஐபோன் 15 வரிசையில், அடிப்படை மாதிரி யுஎஸ்பி 2 வேகத்திலேயே நிற்கிறது, புரோ மாதிரி மட்டும் 10 ஜிகாபிட் வரை செல்கிறது. அந்தப் புரோவுக்கும் பெட்டியில் வரும் கேபிள் போதாது, வேகமான கேபிளைத் தனியே வாங்க வேண்டும்.

மேக் கணினிக்கு எம்டிபி தெரியாது. கூகுள் இதற்கென வழங்கிவந்த ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் மென்பொருளையும் நிறுத்திவிட்டது. கட்டற்ற மென்பொருளான ஓப்பன்எம்டிபி அந்த இடத்தை நிரப்புகிறது.

விண்டோஸ் கணினியில் ஐபோனைச் செருகினால் நிலைமை வேறு. ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்ற கேள்விக்குக் கைபேசியில் ஒப்புதல் தந்த பின், எதையும் நிறுவாமலே படங்களும் காணொளிகளும் உள்ள கோப்புறை மட்டும் திறக்கும், ஆவணங்கள் தெரியாது. படங்களை எடுக்கும்போதும், சாதனம் அணுக முடியாத நிலையில் இருப்பதாகப் பிழைச்செய்தி காட்டிப் பாதியில் நின்றுவிடுவது உண்டு. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்ஈஐசி என்னும் இடம் மிச்சமாகும் வடிவில் சேமிக்கிறது, கணினிக்கு அனுப்பும்போதே அவற்றைப் பரவலாகத் திறக்கும் ஜேபெக் வடிவுக்கு மாற்றித் தர முயல்கிறது. இந்த மாற்றும் வேலையே தடுமாற்றத்துக்கு அடிக்கடி காரணமாகிறது. புகைப்படங்களுக்கான அமைப்பில் ‘தானியங்கி’ என்பதை நீக்கி மூலக்கோப்புகளை அப்படியே அனுப்பும்படி மாற்றினால் பரிமாற்றம் தடையின்றி நடக்கும். அதன் பிறகு ஹெச்ஈஐசி படங்களைத் திறக்கக் கணினியில் வழி செய்துகொள்வது நம் பொறுப்பு.

ஆவணங்களை அனுப்ப ஐடியூன்ஸை, அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ஆப்பிள் டிவைசஸ் செயலியை நிறுவ வேண்டும். இவ்விரண்டில் இன்று நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே. பாட்டு, படம், காப்புநகல், கோப்புப் பகிர்வு அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த ஐடியூன்ஸின் வேலைகளை ஆப்பிள் தனித்தனிச் செயலிகளாகப் பிரித்துவிட்டது, மேக்கில் 2019இலேயே ஐடியூன்ஸ் விடைபெற்றுவிட்டது. எதை நிறுவினாலும் ஓர் எச்சரிக்கை தேவை. வேறொரு கணினியின் நூலகத்துடன் ஏற்கெனவே ஒத்திசைத்த (சிங்க் செய்த) ஐபோனைப் புதிய கணினியில் ஒத்திசைத்தால், பழைய நூலகத்திலிருந்து வந்த பாடல்களையும் படங்களையும் அழித்துவிட்டுப் புதியவற்றை வைக்கலாமா என்று மென்பொருள் கேட்கும். படிக்காமல் ‘சரி’ அழுத்துவோர் இழப்பது இந்த இடத்தில்தான். ஒத்திசைவைத் தொடாமல், ‘கோப்புகள்’ என்ற பகுதியில் குறிப்பிட்ட செயலியைத் தேர்ந்து அதற்குள் ஆவணத்தை இழுத்துப் போடுவது பாதுகாப்பான வழி.

அடுத்தது, ஒரே வைஃபைக்குள் நடக்கும் பரிமாற்றம். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இதற்கு மறுபெயராகவே இருந்தது ஷேர்இட். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளின் பட்டியலில் ஷேர்இட், ஜெண்டர் இரண்டும் இருந்தன. அந்த வெற்றிடத்தில் புகுந்த பெயர் தெரியாத செயலிகள் பலவற்றில் கோப்பைவிட விளம்பரமே அதிகம் என்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று: ஏர்டிராப், குயிக் ஷேர், லோக்கல்சென்ட்.

ஆப்பிள் வீட்டுக்குள் ஏர்டிராப்புக்கு இணை இல்லை. எதையும் நிறுவ வேண்டாம், ரவுட்டர்கூட வேண்டாம், சாதனங்கள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. புதியவர் ஒருவரிடமிருந்து பெறுவதற்காக ‘அனைவரும்’ என்று திறந்து வைத்தால் 10 நிமிடங்களில் தானாக மூடிக்கொள்கிறது. சிலர் இதைப் பழுதென்று நினைக்கிறார்கள், அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட வரம்பு. ஆண்ட்ராய்டு பக்கத்தில் கூகுளின் நியர்பை ஷேரும் சாம்சங்கின் குயிக் ஷேரும் 2024 தொடக்கத்தில் ஒன்றாகி, குயிக் ஷேர் என்ற ஒரே பெயரில் நிற்கின்றன. கைபேசியில் அது ஏற்கெனவே இருக்கும், விண்டோஸ் கணினியில் மட்டும் நிறுவ வேண்டும்.

லோக்கல்சென்ட் எந்த நிறுவனத்தின் வேலிக்குள்ளும் அடங்காதது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய ஐந்திலும் இயங்கும், கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரம் காட்டாது, கோப்பின் தரத்தைக் குறைக்காது. குறுக்கிணைகள் இரண்டுக்கும் இதுவே என் முதல் தேர்வு. இரு சாதனங்களும் ஒரே வலையில் இருக்க வேண்டும் என்பது அதன் ஒரே பெரிய நிபந்தனை. வீட்டில் வைஃபை இல்லையென்றால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து அதில் மடிக்கணினியை இணைத்தால் போதும். கோப்பு இரண்டு சாதனங்களுக்கும் இடையே மட்டும் செல்வதால் அதற்கென மொபைல் டேட்டா செலவாகாது. ஆனால் இணைந்த மடிக்கணினி அந்த நேரத்தில் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கினால் அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். அலுவலகம், கல்லூரி, விடுதி ஆகிய இடங்களின் வைஃபையில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரில் தடுத்து வைத்திருப்பது வழக்கம், அங்கும் ஹாட்ஸ்பாட்டே கைகொடுக்கும். சாதனம் பட்டியலில் தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம், விண்டோஸ் அந்த வைஃபையைப் ‘பொது வலை’ என்று குறித்துக்கொண்டு அதன் தீச்சுவர் (ஃபயர்வால்) வழியை அடைப்பது. ஐபோனில் பெறும்போது செயலி திரையில் திறந்தே இருக்க வேண்டும், நடுவில் வேறு செயலிக்குப் போனால் பரிமாற்றம் அறுந்துவிடலாம்.

புளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வினாடிக்கு 2 மெகாபிட் என்ற நடைமுறை வேகத்தில் 100 எம்பி கோப்புக்கு ஏழு நிமிடங்கள் ஆகும், ஐபோனோ பிற சாதனங்களிடமிருந்து புளூடூத் வழியாகக் கோப்பைப் பெறுவதே இல்லை.

உண்மையில் நம்மவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது வாட்ஸ்அப்தான். தனக்குத்தானே அனுப்பிக்கொண்டு கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து இறக்கிக்கொள்வதில் எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டிய தேவை இல்லை, அந்த வகையில் என் இரண்டாவது கேள்வியில் அது முழு மதிப்பெண் பெறுகிறது. முதல் கேள்வியில்தான் தோற்கிறது. படமாக அனுப்பும் எதையும் அது சுருக்கிவிடுகிறது. சான்றிதழின் படத்தை அப்படி அனுப்பி, பிறகு அச்செடுத்தால் சிறு எழுத்துகள் மங்கித் தெரியும். ‘ஆவணம்’ என்ற தேர்வின் வழியாக அனுப்பினால் சுருக்கம் நிகழாது, 2 ஜிபி வரை அனுப்பவும் முடியும். ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ உள்ள கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறப்பவர்கள், வேலை முடிந்ததும் கைபேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குச் சென்று அதைத் துண்டித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். ஒரே மேசையில் உள்ள இரு கருவிகளுக்கு இடையே 1 ஜிபி கோப்பை இணையம் வழியாக அனுப்பினால் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என 2 ஜிபி செலவாகும். ஊர் விட்டு ஊர் அனுப்பவும் காப்புநகல் வைக்கவும் இது சரியான வழி, மேசைக்குள் அனுப்ப அன்று.

காணொளிகளைப் பொறுத்தவரை கோப்பு போய்ச் சேர்வதோடு வேலை முடிவதில்லை, அது ஓட வேண்டும். ஐபோனில் எச்இவிசி என்னும் சுருக்கமுறையில் எடுத்த காணொளியை விண்டோஸுடன் வரும் காணொளிச் செயலி சில கணினிகளில் திறக்காமல், ஸ்டோரில் கட்டண நீட்சி ஒன்றை வாங்கச் சொல்லும். இணையத்தில் கிடைக்கும் கோடெக் (சுருக்கிய காணொளியை விரித்துக் காட்டும் மென்பொருள்) தொகுப்புகளை நிறுவுவது மற்றொரு வழி, ஆனால் அவை கணினி முழுவதற்குமான அமைப்புகளைத் தொடுகின்றன. தனக்குத் தேவையான கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் விஎல்சி என்னும் காணொளிச் செயலி இவற்றைவிடத் தூய்மையான தீர்வு. 1996இல் பிரான்சின் எகோல் சென்ட்ரால் பாரி கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய இது இன்றும் விளம்பரமின்றி இலவசமாகக் கிடைக்கிறது. 2022இல் பல மாதங்கள், விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டு, சட்ட அறிவிப்புக்குப் பின் நவம்பரில் திறக்கப்பட்டது. அதிகாரப்பூர்வத் தளமும் அந்தந்தக் கருவியின் ஸ்டோரும் தவிர வேறெங்கிருந்தும் இதை இறக்கக் கூடாது, பெயர் ஒத்த தளங்களில் வேண்டாத பொருள்களும் சேர்ந்தே வரும்.

இதே விஎல்சி விண்டோஸ், ஐபோன் இணைக்குக் கோப்புப் பாலமாகவும் உதவுகிறது. ஐபோனில் விஎல்சியை நிறுவி ‘வைஃபை வழிப் பகிர்வை’ இயக்கினால் ஒரு முகவரி தெரியும். அதைக் கணினியின் உலாவியில் தட்டித் திறக்கும் பக்கத்தில் காணொளியை இழுத்துப் போடலாம், கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆப்பிளின் ஒத்திசைவு மறுக்கும் எம்கேவி வடிவக் காணொளிகளும் இவ்வழியில் போய் ஓடும். வசன வரிகளுக்கான எஸ்ஆர்டி கோப்பைக் காணொளியின் அதே பெயரில், யுடிஎஃப்-8 என்னும் யூனிகோடு குறிமுறையில் சேமித்துச் சேர்த்தே அனுப்ப வேண்டும். கைபேசியிலிருந்து விஎல்சியை நீக்கினால் அதற்குள் வைத்த காணொளிகளும் நீங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ் ஆவணங்களுக்கு மட்டும் உரிய இரண்டு தொல்லைகள் எஞ்சுகின்றன, எந்த வழியில் அனுப்பினாலும் இவை வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி எழுத்துருவை உள்ளே பொதிந்து அனுப்பினால் படிக்கலாம், திருத்த வேண்டுமென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மற்றது கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டின் உள் நினைவகத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம், யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பிடிப்பதால் 85 குறியீடுகளுடன் இடம் தீர்ந்துவிடும். ‘கொ’ போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடுகள் வேண்டும் என்பதால் எழுத்துக் கணக்கு இன்னும் குறையும். விண்டோஸ் பைட்டுகளை இப்படி எண்ணுவதில்லை, அதனால் கணினியில் சிக்கலின்றி இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு மட்டும் நகலெடுக்க மறுத்தால், கேபிளையோ செயலியையோ மாற்றிப் பார்க்கும் முன் அதன் பெயரைச் சுருக்கி மீண்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.