850 யூரோவை வாங்கிக்கொண்டு என் கட்டுரையைச் சிதைத்த இதழ்: அவெஸ்தா, வேதமொழி ஆய்வாளர்களுக்கு எச்சரிக்கை

நேற்று மாலை வந்த மின்னஞ்சலோடு, நான் கட்டிய 850 யூரோ இனித் திரும்பி வராது என்பது உறுதியாகிவிட்டது. இதழின் பெயரை எழுதவில்லை. இந்திய, இரானிய மொழிகளின் ஆய்வுக்கென்றே நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும், கட்டுரை எழுதுபவரிடமே கட்டணம் வாங்கும் இணைய இதழ் அது.

எங்கள் துறை மிகச் சிறியது. குய்ப்பர், டி யோங் என்ற இரு அறிஞர்கள் 1957இல் தொடங்கிய இந்தோ-இரானியன் ஜர்னலைப் போல, இந்திய, இரானியக் கிளைகள் இரண்டையும் பெயரிலேயே சேர்த்துவைத்த இதழ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால், அதே சாயலில் ஒரு பெயரும், இதழ்களை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணும், நான் படித்து வளர்ந்த ஆய்வுகளை எழுதியவர்களே அடங்கிய ஆசிரியர் குழுவும் கண்ணில் பட்டபோது எனக்குச் சந்தேகம் எழவில்லை.

ஆனாலும் நான் முழுதாக ஏமாந்தது மதிப்பீட்டுக் கடிதத்தில்தான். வேதங்களின் பழஞ்சமஸ்கிருதமான வேதமொழியின் ‘அஸுர’, ஜரதுஷ்டிர சமயத்தாரின் பழைய இரானிய மறைநூலான அவெஸ்தாவில் ‘அஹுர’ என்று வெறும் ஹகரத்தோடு நிற்க, ‘வஸு’ மட்டும் ஏன் ‘வங்ஹு’ என்று மூக்கொலி பெற்று வருகிறது என்பதைக் கையெழுத்துப் படிகளின் எழுத்துமுறையைக் கொண்டு ஆராய்வது என் கட்டுரை. மூன்று ஆண்டு உழைப்பு. இந்த வேறுபாட்டை மிக நுட்பமாக அணுகியிருப்பதாக அக்கடிதம் பாராட்டியது. என் சுருக்கவுரையின் வாக்கியத்தையே திருப்பி எழுதியிருக்கிறார்கள் என்பது இப்போது ஒப்பிட்டுப் பார்க்கையில்தான் தெரிகிறது. அன்றோ, இதை ஊன்றிப் படிக்க ஒருவர் இருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். கட்டுரையை அனுப்பிய ஒன்பதாம் நாளே ஏற்பும் வந்தது, இரண்டு நாளுக்குள் 850 யூரோ கட்டும்படி விலைப்பட்டியலும் வந்தது. அவெஸ்தா அறிந்த இரண்டு மதிப்பீட்டாளர்களின் சம்மதத்தைப் பெறுவதற்கே ஒன்பது நாள் போதாது. அதை யோசிக்காமல் அன்றே கட்டிவிட்டேன்.

வெளியிடுமுன் நான் சரிபார்ப்பதற்கான மெய்ப்பு அனுப்பவே இல்லை. வெளியான கட்டுரையில், மூக்கொலியைக் காட்டும் வால் கொண்ட எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டம் நிற்கிறது. கட்டுரையே அந்த ஓர் எழுத்தைப் பற்றியது! வலமிருந்து இடமாக எழுத வேண்டிய அவெஸ்தா எழுத்து, சொல்லுக்குச் சொல் தலைமாறிக் கிடக்கிறது. 2009 முதல் ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் எழுத்துக்கு எந்தப் பதிப்பாளரும் சாக்குச் சொல்ல முடியாது.

முதல் முறையீட்டுக்கு, தொழில்நுட்பப் பிரிவு கவனிக்கும் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, வேறு மென்பொருளில் திறந்து பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவதற்கு, வெளியான பின் செய்யும் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் 200 யூரோ என்றார்கள். கட்டுரையை நீக்கிவிட்டு 850 யூரோவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, நீக்குவதற்கு நான் இன்னும் 400 யூரோ தர வேண்டும் என்பதே நேற்று வந்த பதில். இடையில், ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதினேன். அப்படி ஓர் இதழைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பதிலளித்தார். கட்டுரையின் தலைப்பில் அச்சிட்டிருக்கும், இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைத் தேடினால், அப்படி ஓர் எண்ணே பதிவாகவில்லை என்று வருகிறது.

850 யூரோவைவிட இதுதான் என்னை வதைக்கிறது: ஏற்கெனவே வெளியானதை நல்ல இதழ் எதுவும் ஏற்காது. பதிப்புரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அந்தக் கட்டுரையை நான் எங்கே கொண்டுபோவது?

விரிவான வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன்; மனம் ஓடவில்லை. ஐஎஸ்எஸ்என் எண் தரச் சான்று அல்ல, யாரும் நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று அதற்கான பன்னாட்டு மையத்தின் தளத்தில் பாருங்கள். குழுவில் உள்ள ஒருவருக்காவது நேரடியாக எழுதிக் கேளுங்கள். அந்த இதழின் பழைய வெளியீடு ஒன்றைத் திறந்து, சிறப்பெழுத்துகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மெய்ப்பைக் கண்ணால் பார்க்கும்வரை எவருக்கும் பணம் கட்டாதீர்கள்.