எம்-மோடா, டாப்ளரா: சிசுவின் இதயத்தை எதில் அளப்பது?

குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி, எட்டாம் வாரத்தில் வேலூர் ஸ்கேன் சென்டருக்கு வரும் கர்ப்பிணிக்கு, அல்ட்ராசவுண்டில் ஒரே கோட்டின் மீதுள்ள அசைவை நேரப்போக்கில் அலையாக வரைந்து காட்டும் எம்-மோடே ஏற்றது. திரையில் ஓடும் அலைக்கோட்டின் இரு முகடுகளுக்கு இடையே திரையில் அளவெடுக்கும் குறியான காலிப்பரை வைத்தால் துடிப்பின் எண்ணிக்கை வந்துவிடும். ரத்த ஓட்டத்தை ஒலியலைகளால் அளக்கும் பல்ஸ்டு டாப்ளர் அதையே, குடும்பத்தார் கேட்க ஆசைப்படும் ஓசையோடு தரும் என்றாலும், ஒலியாற்றலை ஓரிடத்தில் குவித்துத் திசுவைச் சூடாக்கக்கூடும் என்பதால், உறுப்புகள் உருவாகும் அந்த வாரங்களில் தேவையின்றி அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

18 முதல் 22 வாரத்துக்குள் நிலைமை மாறுகிறது. இதயச் சுவரின் தடிமனை எம்-மோடு காட்டினாலும், சிசு புரண்டு படுத்தால் ஸ்கேன் கோடு சுவருக்குச் செங்குத்தாக விழாமல் அளவு பிசகும். டாப்ளரோ, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு வழியே பாயும் ரத்தத்தை ஈ (கீழறை தளரும்போது முதலில் பாய்வது), ஏ (மேலறை சுருங்கித் தள்ளுவது) என இரு அலைகளாகக் காட்டுகிறது. ஆரோக்கியமான இளைஞருக்கு ஈ உயரம். சிசுவுக்கோ ஏ உயரம், வாரங்கள் கூடக் கூட ஈ அதை நெருங்குகிறது.