987 பாக்ஸ்டர்: பேட் மாற்றுவது சுலபம், சென்சார்தான் தலைவலி

போர்ஷேயின் ஸ்போர்ட்ஸ் காரான பாக்ஸ்டர் எஸ் பழையது ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டது ஒரே கேள்விதான்: "பிரேக் பேட் மாத்தும்போது சென்சாரையும் மாத்தியே ஆகணுமா? ஒயரை முறுக்கி ஒட்டிட்டா போதும்ங்கறாங்களே?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் அவர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார். 2004 முதல் 2012 வரை வந்த இந்த 987 தலைமுறையின் பிரேக்கில் நான் உண்மையாகவே கோபப்படுகிற விஷயம், பேட் தேய்ந்துவிட்டது என்று மீட்டரில் விளக்கு எரியவைக்கும் அந்தச் சென்சார் ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்திலும் நான்கு பிஸ்டன் கொண்ட, அசையாத அலுமினிய கேலிப்பர், அதாவது பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி. சாதாரணக் கார்களில் கேலிப்பரின் போல்ட்டைக் கழற்றி, தூக்கிக் கட்டி, பிறகுதான் பேட்டைத் தொட முடியும். இதில் கேலிப்பரைத் தொடவே வேண்டாம். அதன் முதுகு சன்னல் மாதிரி திறந்திருக்கிறது, பேட் அந்த வழியாகவே நேராக வெளியே வரும். பின் சக்கரத்தில் இன்னும் சுகம். கைப்பிரேக்குக்கு டிஸ்க்கின் நடுவிலேயே தனியாக ஒரு சின்ன டிரம் இருக்கிறது. அதனால் பிஸ்டனைத் திருகித் திருகி உள்ளே அனுப்பும் கருவியெல்லாம் தேவையில்லை, நேராகத் தள்ளினாலே போய்விடும். இவ்வளவு வேகமான காரில் இவ்வளவு எளிதான பிரேக் வேலை அபூர்வம்.

வேலை இப்படி. வண்டி தரையில் நிற்கும்போதே 19 எம்.எம். சாக்கெட்டால் சக்கர போல்ட்டைத் தளர்த்துங்கள், பிறகு ஜாக்கி, அடியில் கட்டாயம் ஸ்டாண்ட். இதில் சக்கரத்தைத் தாங்க நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கிடையாது, கழற்றி எடுக்கும் போல்ட்தான். போல்ட் எல்லாம் கழன்றதும் சக்கரம் சரிந்து கேலிப்பரின் பெயின்ட்டைக் கீறிவிடும். மேல் துளையில் வழிகாட்டிக் கம்பி ஒன்றை மாட்டிக்கொண்டு எடுத்தால் அந்தப் பயமில்லை. அடுத்து சென்சார் தலைகளைப் பேட்டிலிருந்து பிரிக்க வேண்டும். பேட்டைக் கேலிப்பரில் நிறுத்தும் குறுக்குக் கம்பிதான் பின்; அதைப் பிடித்திருக்கும் முள்ளை இழுத்துவிட்டு, ஸ்பிரிங் தகட்டை அழுத்திக்கொண்டே பின்னைத் தட்டி எடுங்கள். ஸ்பிரிங் எகிறும், கண்ணாடி போடாமல் குனியாதீர்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு, இரண்டு பேட்டையும் ஒன்றாக உருவி எடுப்பது. நான்கு பிஸ்டனுக்கும் உள்ளே ஒரே எண்ணெய் வழி. ஒரு பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கம் வெளியே பிதுங்கும், போதாத நேரத்தில் கழன்றும் விழும். ஒரு பேட் அதன் இடத்திலேயே இருக்கட்டும், மற்றதை மட்டும் மாற்றுங்கள். தள்ளும்போது முன் டிக்கியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். நடுவில் யாராவது நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். முன்னதாகவே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது.

பேட்டின் முதுகில் அதிர்வு தாங்கும் தகடு ஒன்று ஒட்டியிருக்கும், அதன் வால் பிஸ்டனின் குழிக்குள் செருகியிருக்கும். பேட் வெளியே வராமல் அடம்பிடித்தால் காரணம் பெரும்பாலும் இந்தப் பசைதான். அகலமான மெல்லிய தகட்டுக் கரண்டியைத் தகட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நுழைத்துப் பிரிக்க வேண்டும். டிஸ்க்கை முட்டுக்கொடுத்துக் கம்பியால் நெம்பாதீர்கள். பழைய தகட்டைத் திரும்பப் போட்டால் பிறகு கிரீச் சத்தம் வரும், புதிதே வாங்குங்கள். சில பேட் பெட்டிகளில் இந்தத் தகடும் சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது.

இனி சென்சார். அதற்குள் மின்னணு எதுவும் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் தலை, அதற்குள் ஒரு கம்பி வளைந்து திரும்புகிறது. பேட் தேய்ந்து 2, 2.5 மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போது டிஸ்க் இந்தத் தலையையும் சேர்த்து உரசும். முதலில் பிளாஸ்டிக் தேயும், அப்புறம் கம்பி அறுபடும், உடனே மீட்டரில் விளக்கு எரியும். ஒரு சக்கரத்துக்கு ஒரு ஒயர், அதில் உள் பேட்டுக்கு ஒன்று, வெளிப் பேட்டுக்கு ஒன்று என்று இரண்டு தலை. மொத்தம் எட்டுத் தலையும் ஒரே தொடர்ச்சியான சுற்று. எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கே அறுந்தாலும் அதே விளக்குதான். எந்தச் சக்கரம் என்று சொல்லாது. பேட் தேய்ந்ததா, பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்ததா என்றும் சொல்லாது.

அதைவிட மோசம், சூட்டில் கிடந்து கிடந்து அந்தப் பிளாஸ்டிக் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. ஒயரைப் பிடித்து இழுத்தால் தலை பேட்டிலேயே தங்கிவிடும், கையில் ஒயர் மட்டும் மிஞ்சும். தட்டையான ஸ்க்ரூடிரைவரைத் தலைக்கு அடியில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித்தான் எடுக்க வேண்டும். பதற்றமில்லாமல் செய்தாலும் சில உடையத்தான் செய்யும்.

ஆகவே நண்பருக்கான பதில்: எடுத்த தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்து, செம்பு இன்னும் தெரியவில்லை என்றால் அதே சென்சாரை மறுபடியும் மாட்டலாம். கம்பி தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு பாகம், ஆர்டர் போடும்போது கவனம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே நான்கு ஒயரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் தலை உடைந்தால் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும்.

பேட்டெல்லாம் தடியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஒவ்வொரு சக்கரமாகப் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரால் சென்சாரின் இரண்டு காலையும் தொட்டுப் பாருங்கள். நல்ல சென்சார் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டும், அறுந்தது எதுவும் காட்டாது. நான்கும் சரி என்றால் குறை வண்டிப் பக்கத்து ஒயரில். கோளாறு தீர்ந்ததும் விளக்கு தானாக அணையும், கம்ப்யூட்டர் மாட்டி அழிக்கும் வேலை இல்லை.

சென்சாரை வெட்டிவிட்டு ஒயர் முனைகளை முறுக்கிவிட்டால் சுற்று அறுபடாது, பேட் தேய்ந்தாலும் விளக்கு எரியாது. அது ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி பேட் மாற்றுகிறவர்களின் வழி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற அவர்களுக்கு அது சரி. தெருவில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்தவர்கள்மீது எனக்குக் கோபமே வரும். ஏனென்றால் ஸ்போக் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குத் தெரிவது வெளிப் பேட் மட்டுமே. உள் பேட் இரும்புவரை தேய்ந்து டிஸ்க்கில் பள்ளம் விழுந்த பிறகுதான் சத்தம் கேட்கும்.

உள் பேட், வெளிப் பேட் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் புதுப் பேட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டின் காது, அதாவது அதன் இரும்புத் தகட்டின் ஓரம், உட்காரும் இடத்தில் கேலிப்பரில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு திருகியிருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் அந்தத் தகட்டுக்கு அடியில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பொங்கித் தகட்டையே தூக்கிவிடும். இடைவெளி குறையும், பேட் இறுகும். புதுப் பேட்டைச் சுத்தியால் தட்டித்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்றால் நோய் அங்கேதான். தகட்டைக் கழற்றி, பொடியைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். அந்தச் சின்னத் திருகுகள் எளிதில் முறியும், ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே அடித்து வையுங்கள்.

முடிக்கும்போது பேட்டின் காதில் மட்டும் பிரேக் கிரீஸ், மெல்லியதாக. சக்கர போல்ட்டை இறுக்கும் விசை 130 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்தும் முன்பு பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள், இல்லையென்றால் முதல் மிதி தரைவரை போகும். புதுப் பேட் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை அவசரப் பிரேக்கைத் தவிருங்கள்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். இந்த விலைக்கு இதைவிட நல்ல பிரேக் கிடைக்காது. ஆனால் முறுக்கிவிட்ட சென்சார் ஒயர் கண்ணில் பட்டால் அந்த வண்டி வேண்டாம். அதை முறுக்கிய கை வேறு எங்கெல்லாம் புகுந்திருக்கும் என்று தேடவே உங்கள் முதல் வருஷம் போய்விடும்.