ரீசெட் பாதியில் நின்ற பிரிண்டர்: சிப்பை எழுதுவதா, போர்டை மாற்றுவதா?

இங்க்ஜெட் பிரிண்டர் ஒவ்வொரு முறை மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதும் கொஞ்சம் மையை அடியில் உள்ள பஞ்சில் கொட்டுகிறது. பல வீட்டு மாடல்களில் பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க சென்சார் எதுவும் கிடையாது. கொட்டிய மையைக் கணக்கு வைக்கும் ஒரு கவுண்டர்தான் பிரிண்டருக்குள் உள்ள மின்னணு போர்டில் இருக்கும் மெமரி சிப்பில் உண்டு. அது எல்லையைத் தொட்டதும் பிரிண்டர் நின்றுவிடும். கவுண்டரை ரீசெட் செய்யும்போது மின்சாரம் போனாலோ, வேறு மாடலுக்கான மென்பொருளை ஓட்டினாலோ சிப்பில் உள்ள தரவு குழம்பி, பிரிண்டர் மொத்தமாகவே முடங்கக்கூடும்.

பழுது பார்ப்பவர்களுக்கான சர்வீஸ் மோடுக்குள் இன்னும் போக முடிகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். வைஃபையை விட்டுவிட்டு, யூஎஸ்பி கேபிளை நேராகச் செருகி, சரியான மாடலுக்கான மென்பொருளால் மறுபடி ரீசெட் செய்தால் போதும். போக முடியவில்லை என்றால்தான் சிப்பை எழுதுவதா, போர்டை மாற்றுவதா என்ற கேள்வி வருகிறது. எனக்கு வந்தது, நான் சிப்பில் உள்ள தரவைத் திருத்தி எழுதும் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

போர்டை மாற்றுவது பார்வைக்குச் சுலபம். திருகுகளைக் கழற்றி, ரிப்பன் கேபிள்களைப் பிடுங்கிச் செருகினால் முடிந்தது. ஆனால் மெமரி சிப்பில் கவுண்டர் மட்டுமா இருக்கிறது? மின்னழுத்தம் கொடுத்தால் அசையும் பொருளால் மையைத் தள்ளும் பீசோ வகை ஹெட் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையில் அளந்து கொடுத்த ஓர் அடையாள எண் உண்டு. எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு மை துளி விழும் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. தாள் எங்கே தொடங்குகிறது, போக வர அடிக்கும் கோடுகள் எப்படிப் பொருந்த வேண்டும் என்ற திருத்தங்களும் அதே சிப்பில்தான். வேறு பிரிண்டரிலிருந்து கழற்றிய போர்டு அந்தப் பிரிண்டரின் எண்களோடு வரும். ஹெட் உங்களுடையது, கணக்கு வேறொன்றுடையது. படங்களில் வரிவரியாகப் பட்டை விழும், நிறம் மாறும், ஹெட்தான் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். கவுண்டர் நிறைந்ததால் ஒதுக்கப்பட்ட பிரிண்டரின் போர்டாக இருந்தால், அதே தடை அங்கேயும் காத்திருக்கும். புத்தம்புதிய போர்டு என்றாலும் ஹெட் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்து அந்த எண்ணைச் சர்வீஸ் மென்பொருளில் ஏற்றியாக வேண்டும்.

சிப்பை எழுதும்போது உங்கள் பிரிண்டரின் எண்கள் உங்களிடமே இருக்கின்றன. சிப்பைக் கணினி வழியாகப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமர், சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் எட்டுக் கால் கிளிப் இரண்டும் போதும். முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, அதே மாடலின் நல்ல கோப்போடு ஒப்பிட்டு, குழம்பிய பகுதியை மட்டும் திருத்தி எழுதுங்கள். நல்ல கோப்பை முழுசாக ஏற்றினால் போர்டை மாற்றியதும் இதுவும் ஒன்றுதான். அப்புறம், மலிவான கறுப்பு நிற சிஎச்341ஏ பலவற்றில் தரவுக் கால்களில் 5 வோல்ட் வருகிறது. 3.3 வோல்ட் சிப்புக்கு அது ஆபத்து, மல்டிமீட்டரால் அளந்துவிட்டு மாட்டுங்கள்.

நான் செய்தது சிறிய தனி மெமரி சிப் உள்ள பழைய வகைப் போர்டில். பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரும் இந்த எண்களும் ஒரே பெரிய சிப்பில் கிடக்கும் மாடல்களுக்கு நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்டே கருகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பழைய சிப்பைப் பிரித்துப் புதிய போர்டில் பற்றவைக்கத் தெரிந்தவர் இருந்தால் எண்கள் தப்பிக்கும். ஹெட்டும் அடைத்துக் கிடக்கிறது என்றால் புதுப் பிரிண்டர் வாங்குவதே சரி.

எந்த வழியானாலும் கவுண்டரைப் பூஜ்யமாக்கும் முன் பஞ்சை மாற்றிவிடுங்கள், அல்லது கழிவுக் குழாயை வெளியே இழுத்துப் பாட்டிலில் விடுங்கள். பாட்டில் பிரிண்டரைவிடத் தாழ்வாக இருக்கட்டும், மூடியில் காற்றுக்கு ஓர் ஓட்டை வேண்டும்.