ஜாவாவின் மேப் வகைகள்: எந்த வேலைக்கு எது

கீயைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் வேலைக்கு ஜாவாவில் பல மேப் வகைகள் ஜாவா நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயோடு சேர்ந்தே வருகின்றன. மொரிஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் வங்கிக்கு நிரல் எழுதுபவரும் சரி, தைப்பூசக் காவடிப் பதிவுக்காக ஊர்க் கோயில் சங்கத்துக்குச் சின்னதாக ஒன்று எழுதித் தருபவரும் சரி, யோசிக்காமல் எடுப்பது ஹேஷ்மேப்பைத்தான். பெரும்பாலும் அது போதும். போதாத இடங்களில் கோளாறு வேகத்திலிருந்து வருவது குறைவு. திரும்ப எடுக்கும்போது என்ன வரிசையில் வர வேண்டும், எந்த இரண்டு கீக்கள் ஒன்றென்று கொள்ளப்படும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விட்டதிலிருந்தே வருகிறது. தமிழ்ப் பெயர்கள் கீயாக வரும்போது இரண்டுமே கடிக்கும். ஜாவா 21-ஐ அடிப்படையாக வைத்து ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

ஹேஷ்மேப் ஒவ்வொரு கீயிலிருந்தும் ஹேஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்துப் பதிவை ஒரு பக்கெட்டில், அதாவது ஓர் அறையில், போடுகிறது. தொடக்கத்தில் 16 பக்கெட்டுகள். நிரப்பு விகிதம், அதாவது எவ்வளவு நிரம்பினால் பெருக்குவது என்ற அளவு, 0.75. பதின்மூன்றாவது பதிவு சேரும்போது பக்கெட்டுகள் 32 ஆகி, எல்லாப் பதிவுகளும் புது அட்டவணைக்கு மாற்றி வைக்கப்படும். ஆயிரம் பேர் வருவார்கள் என்று தெரிந்து, மேப்பை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் 1000 என்று கொடுத்தால் அதோடு வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. அட்டவணை 1024 ஆகும், ஆனால் 768-ஐத் தாண்டியதுமே மறுபடி இரட்டிக்கும். ஜாவா 19 முதல் ஹேஷ்மேப்.நியூஹேஷ்மேப் என்ற ஸ்டாட்டிக் மெத்தட் இருக்கிறது. அதற்கு 1000 கொடுத்தால் ஆயிரம் பதிவுகளுக்குத் தேவையான அளவை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஒரே பக்கெட்டில் நிறைய கீக்கள் மோதினாலும் ஜாவா 8-க்குப் பிறகு பயமில்லை. அட்டவணை 64-ஐ எட்டியிருந்தால், ஒரே பக்கெட்டில் கோர்த்த பதிவுகளின் சங்கிலி எட்டுக்கு மேல் நீளும்போது விரைவாகத் தேடத்தக்க மரமாக மாறிவிடும்.

அதன் வரிசை ஏமாற்றும் விதம்தான் கவனிக்க வேண்டியது. 1, 2, 3 என்று ரசீது எண்களைக் கீயாகப் போட்டு அச்சிட்டால் ஒழுங்காக வரும். முழு எண்ணின் ஹேஷ் அந்த எண்ணேதான் என்பதால் அப்படி. புதிய ஹேஷ்மேப்பில் 1, 2, 17 மூன்றையும் போட்டுப் பாருங்கள்: 1, 17, 2 என்று வெளியே வரும். 17-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 1. அது முதல் எண்ணின் பக்கெட்டிலேயே போய் உட்காருகிறது. சோதனையில் சரியாக இருந்த பட்டியல் கோயிலில் ஓடும்போது குலைவதற்கு இதுவே காரணம்.

வரிசைக்கு என்ன மதிப்பு என்று மொரிஷியஸ்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1998-இல் வந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தி இடம்பெற்றதும், தமிழர்கள் கிளர்ந்தெழுந்ததும், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் நாடறிந்த செய்தி. மொழித் தேர்வுப் பட்டியலை ஹேஷ்மேப்பில் வைத்துத் திரையில் காட்டுபவர் அந்த முடிவை ஹேஷ் கணக்கின் கையில் கொடுக்கிறார். அங்கே லிங்க்டுஹேஷ்மேப்தான் வேண்டும். போட்ட வரிசையிலேயே திருப்பித் தரும். தேடும் வேகம் ஏறத்தாழ ஹேஷ்மேப்பினுடையதே. ஒவ்வொரு பதிவிலும் முன்னும் பின்னும் காட்டும் இரண்டு சுட்டிகள் கூடுதல். ஜாவா நிரலை ஓட்டும் வழக்கமான 64 பிட் ஜேவிஎம்மில் பதிவுக்கு 32 பைட்டுக்குப் பதில் 40 பைட். இந்த விலை தாராளமாகக் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் கீயை மறுபடி புட் (பதிவைப் போடும் மெத்தட்) செய்தால் மதிப்பு மாறும், இடம் மாறாது. கடைசிக்குத் தள்ள வேண்டுமானால் ஜாவா 21-இல் வந்த புட்லாஸ்ட்.

இதே மேப்பை, அண்மையில் எடுத்தவற்றை மட்டும் வைத்திருக்கும் சின்ன கேஷாகவும் வைத்துக்கொள்ளலாம்: அணுகிய வரிசையில் அடுக்கும்படி கன்ஸ்ட்ரக்டரின் மூன்றாவது இடத்தில் ட்ரூ கொடுத்து, ரிமூவ்எல்டஸ்ட்என்ட்ரியை ஓவர்ரைடு செய்து, அளவு 100-ஐத் தாண்டினால் ட்ரூ திருப்பினால் போதும். ஆனால் இந்த நிலையில் மதிப்பை எடுக்கும் கெட் கூட உள்ளமைப்பை மாற்றும் செயல். கீசெட்டில் சுற்றிக்கொண்டே கெட் அழைத்தால் கன்கரண்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன் விழும். படிக்கத்தானே செய்கிறோம் என்று ரீட்லாக் (படிப்பதற்கு மட்டுமான பூட்டு) மட்டும் போட்டு, ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்டுகளை உள்ளே விடுவதும் தவறு.

ட்ரீமேப்பை அகர வரிசைக்காக மட்டும் எடுப்பவர்கள் அதன் பெரிய பலத்தை விட்டுவிடுகிறார்கள். எல்லைகளுக்கு நடுவே தேடுவதுதான் அது. நம் கடலிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் காற்றின் வேகம் 34 நாட் ஆனால் மிதமான புயல், 48 கடும் புயல், 64 சூறாவளி, 90 தீவிரச் சூறாவளி, 115-ஐத் தாண்டினால் அதிதீவிரச் சூறாவளி. 34, 48, 64, 90, 116 என்று ஐந்து கீக்களைப் போட்டு ஃப்ளோர்என்ட்ரி 70 என்று கேளுங்கள். 64-இன் பதிவு வரும். இஃப், எல்ஸ் ஏணி எதுவும் வேண்டாம். ஒரு பள்ளம் உண்டு: 20 என்று கேட்டால் அதற்குக் கீழே கீ எதுவும் இல்லாததால் நல், அதாவது வெற்று மதிப்பு, வரும், அதன்மேல் கெட்வேல்யூ அழைத்தால் நிரல் விழும். பூஜ்யத்துக்கு ஒரு பதிவு போட்டுவிடுங்கள்.

இனி பெயர் வரிசை. ட்ரீமேப்பில் ஸ்ட்ரிங்கை அப்படியே கீயாகப் போட்டால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அது நம் அகராதி வரிசை ஆகாது. யூனிகோடில் ‘ன’ ‘ம’வுக்கு முன்னால் இருக்கிறது, ஆகவே கனகா முதலில், கமலா பிறகு. அகராதியில் கமலாதான் முதல். புள்ளிக்கு யூனிகோடில் எல்லா மெய்களையும்விடப் பெரிய எண். அதனால் அம்பிகாவுக்கு முன்னால் அமலா வந்து நிற்பார். ‘ஜ’வில் தொடங்கும் பெயர்கள் ‘ச’வுக்கும் ‘த’வுக்கும் நடுவே சொருகிக்கொள்ளும். பிரெஞ்சு எழுத்தில் இருக்கும் பட்டியலுக்கும் இதே கதி: மேற்குறி போட்ட ‘E’ எழுத்தில் தொடங்கும் பெயர் ‘இசட்’டுக்கும் அப்பால் போய்விடும்.

தீர்வு, ஐசியு4ஜே நூலகத்தின் தமிழ்க் கொலேட்டரை (அகராதி வரிசை தெரிந்த ஒப்பீட்டுக் கருவி) ட்ரீமேப்புக்குக் கம்பேரேட்டராக, அதாவது எது முன், எது பின் என்று சொல்வதாக, கொடுப்பது. பல த்ரெட்டுகள் பயன்படுத்துமானால் முதலிலேயே அதன்மேல் ஃப்ரீஸ் அழைத்துவிடுங்கள். அதைவிட முக்கியமான எச்சரிக்கை: இரண்டு கீக்கள் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸை ட்ரீமேப் பார்ப்பதே இல்லை. கம்பேரேட்டர் பூஜ்யம் சொன்னால் இரண்டும் ஒரே கீ. கொலேட்டரின் வலிமையை ப்ரைமரி (அடிப்படை எழுத்தை மட்டும் ஒப்பிடும் நிலை) என்று வைத்தால் மேற்குறி உள்ள பெயரும் இல்லாத பெயரும் ஒன்றாகி, பின்னால் வந்தவர் முன்னவரின் மதிப்பை அழித்துவிடுவார். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே பெயரில் இரண்டு பக்தர்கள் இருந்தாலும் அப்படியே. பெயரும் ரசீது எண்ணும் சேர்ந்த ரெக்கார்டைக் கீயாக்குங்கள். பெயரைக் கொலேட்டரால் ஒப்பிட்டு, சமமானால் எண்ணைப் பார்க்கும்படி தென்கம்பேரிங் சேருங்கள்.

விலையைத் துல்லியமான தசம எண் வகையான பிக்டெசிமலாகக் கீயில் வைப்பவர்களுக்கும் இந்த வேறுபாடு உறைக்கும். 2.0-உம் 2.00-உம் ஹேஷ்மேப்பில் இரண்டு கீக்கள், ட்ரீமேப்பில் ஒன்று.

ஹேஷ்மேப் பக்கம் திரும்பினால் வேறு சிக்கல். ‘கோ’ என்ற எழுத்து சில விசைப்பலகைகளிலிருந்து இரண்டு குறியீடுகளாக வரும்: ககரமும் ஓகாரக் குறியும். சில பழைய கோப்புகளில் ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாக இருக்கும். திரையில் இரண்டு கோவிந்தனும் ஒன்றுபோலவே தெரிவார்கள். கன்டெய்ன்ஸ்கீ இல்லை என்று சொல்லும். நார்மலைசர் வகுப்பைக் கொண்டு, பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே புட், கெட் இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மட்டும் செய்தால் பயனில்லை. ‘ஸ்ரீ’க்கு அதுவும் உதவாது. ‘ஸ’வில் தொடங்கும் வடிவமும், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும் வடிவமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். இதை ரீப்ளேஸ் போட்டு நாமே ஒருமைப்படுத்த வேண்டும். ஸ்ரீ இல்லாத கோயில் பெயர் அரிது என்பதால் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

பல கவுன்ட்டர்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுதும் சர்வருக்குக் கன்கரண்ட்ஹேஷ்மேப். சாதா ஹேஷ்மேப்பை அங்கே வைத்தால் பதிவுகள் தொலையும். ஜாவா 7 வரை, அட்டவணை பெருக்கும் நேரத்தில் சங்கிலி வட்டமாகி சிபியு நூறு சதவீதத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. மேப்பை மாற்றிவிட்டு, கெட் செய்து ஒன்று கூட்டிப் புட் செய்யும் பழைய வரியை அப்படியே விடுவது அடிக்கடி காணும் பிழை. நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்துவிடும். மெர்ஜ் அல்லது கம்ப்யூட் அழையுங்கள். கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்டுக்குக் கொடுக்கும் லாம்டாவுக்குள் அதே மேப்பைத் தொடாதீர்கள், தரவுத்தளத்தையும் அங்கிருந்து கூப்பிடாதீர்கள். அது முடியும்வரை அந்தப் பக்கெட்டில் எழுத வரும் மற்ற த்ரெட்டுகள் காத்திருக்கும். நல் கீயும் நல் மதிப்பும் இதில் செல்லாது.

ஹேஷ்டேபிளைப் புதிய நிரலில் எடுக்க ஒரு காரணமும் இல்லை.

மாறாத சிறு அட்டவணைகளுக்கு மேப்.ஆஃப் அழகானது. பத்து ஜோடிகள் வரை. அதற்கு மேல் ஆஃப்என்ட்ரீஸ். ஜேவிஎம்மை மறுபடி தொடங்கினால் அதன் வரிசை மாறக்கூடும். யாரும் வரிசையை நம்பிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனிடம் கன்டெய்ன்ஸ்கீ நல் என்று கேட்டாலே நல்பாயின்ட்டர்எக்செப்ஷன் விழும், கவனம்.

போதிய கவனம் பெறாதது ஈனம்மேப். முன்கூட்டியே அறிவித்த நிலையான பெயர்களின் தொகுதிக்கு ஜாவாவில் ஈனம் (enum) என்று பெயர், அதையே இது கீயாகக் கொள்ளும். போர்ட் லூயிஸ், பாம்ப்ளெமூஸ், ஃப்ளாக், சவான், மோக்கா என்று மொரிஷியஸ் தீவின் ஒன்பது மாவட்டங்களையும் ஈனமாக அறிவித்தால், உள்ளே ஹேஷும் கிடையாது, மோதலும் கிடையாது, வெறும் ஒன்பது இடமுள்ள அர்ரே. அறிவித்த வரிசையிலேயே வெளியே வரும். மாவட்டவாரிக் கணக்குக்கு இதைவிடச் சிக்கனமானது இல்லை. அறிவித்த வரிசையில் அது எத்தனையாவது என்று காட்டும் ஆர்டினல் எண்ணை மட்டும் தரவுத்தளத்தில் சேமிக்காதீர்கள். பின்னாளில் ரோட்ரிக்ஸ் தீவை நடுவில் சேர்த்தால் அதற்குப் பின்னுள்ள மாவட்டங்களின் பழைய பதிவுகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப் படிக்கப்படும். மாவட்டப் பெயரையே சேமியுங்கள்.