ஆறாயிரம் ரூபாய் வேல்யூவர், வாங்காத வடவள்ளி ஃபிளாட்

அஞ்சலகக் கவுண்டரில் 34 வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஈரோட்டை விட்டுக் கோவை வடவள்ளிக்குப் போகலாம் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. மருதமலை ரோட்டில் ஒரு பக்கம் வேளாண் பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் பாரதியார் பல்கலைக்கழகம், நடுவில் வடவள்ளி. வேளாண் பல்கலையின் தாவரவியல் பூங்காவில் நடக்க வேண்டும், அவர்கள் நடத்தும் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அவர் கணக்குப் போட்டிருந்தார். எனக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்தால் போதும்.

தரகர் காட்டியது 12 வருடப் பழைய ஃபிளாட். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, 1,180 சதுர அடி, 52 லட்சம். "யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்குதுங்கம்மா, வெல கொறையவே கொறையாது" என்றார். பெங்களூரிலிருந்து மகனும் வாங்கிவிடச் சொன்னான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தரும் பொறியாளர் ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். கட்டணம் 6,000 ரூபாய். இந்த விமர்சனம் அவருடைய வேலையைப் பற்றியது.

சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலில் லேசர் மீட்டரை வைத்து அறை அறையாக அளந்தார். சுவருக்குள் நாம் புழங்கும் கார்பெட் ஏரியா 845 சதுர அடிதான். மீதி படிக்கட்டும் லிஃப்டும் வராந்தாவும். ஆக, சதுர அடி 4,400 என்று தரகர் சொன்ன விலை, கால் படும் இடத்துக்கு 6,150 ஆகிவிட்டது. அப்புறம் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பால்கனிக் கதவுப் பக்கம் நாலு டைல்ஸ் மட்டும் 'டொக்'கென்று வெறும் பானை மாதிரிச் சத்தம் போட்டன. ஃபிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். பின்சுவரில் உப்புப் பூத்திருந்தது. அந்தப் பக்கம் குளியலறை. உரிமையாளர் முகம் சுருங்கியதைப் பார்க்க வேண்டுமே!

வாட்ச்மேனிடம் போய்த் தண்ணீர் லாரி நோட்டைக் கேட்டு வாங்கியதை நான் எதிர்பார்க்கவேயில்லை. போன மே மாதத்தில் மட்டும் 11 லாரி. என் சிறுவாணிக் கனவு அங்கேயே பாதி போயிற்று.

விலைக்கு அவர் சொன்ன கணக்கு எளிது. பத்திரத்தில் பிரிபடாத பாகம், அதாவது மொத்த நிலத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வரும் பங்கு, 410 சதுர அடி; ஒரு சென்ட்கூட இல்லை. அந்தத் தெருவில் சென்ட் 15 லட்சம் என்றால் நிலத்துக்கு 14 லட்சம். கட்டடத்தை இன்றைக்குக் கட்டினால் ஆகும் செலவில் 12 வருடத் தேய்மானம் கழித்து 22 லட்சம். கார் நிறுத்துமிடம், லிஃப்டில் பங்கு, இதர வசதி என்று தாராளமாகவே போட்டு, மொத்தம் 40. அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அந்தக் கட்டடத்தில் கடைசியாகப் பதிவான இரண்டு விற்பனைகளின் தொகையையும் காட்டினார். பத்திரத்தில் எழுதும் தொகையும் கைமாறும் தொகையும் ஒன்றாக இருக்காது என்பது ஊரறிந்ததுதான். ஆனாலும் 52 எங்கே, அது எங்கே!

மீதி 12 லட்சம் எதற்கு என்று கேட்டேன். "வாடகைக்கு விடறவங்களுக்கான வெலைங்கம்மா இது" என்றார். உண்மைதான். 24 ஃபிளாட்டில் 15-இல் மாணவர்களும் ஆராய்ச்சிப் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் வரும் லாபம் வாடகை வாங்குகிறவருக்கு. நானே குடியிருந்தால், வராத வாடகைக்கும் சேர்த்து விலை கொடுத்தவள் ஆவேன். ஃபிளாட் சங்கக் கூட்டத்துக்கு உரிமையாளர்கள் நாலு பேர்கூட வருவதில்லை என்பது வேறு.

பிறகு என் பழைய தொழில் புத்தி வேலை செய்தது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வருகிறது. வரி தனி. அதே மாதிரி ஃபிளாட்டுக்கு அங்கே வாடகை 15,000. மூன்று மாதத்துக்கு 45,000. வாங்கினாலோ முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று பத்திரச் செலவு மட்டுமே 9 சதவீதம்; 52 லட்சத்துக்கு 4.68 லட்சம்.

குறையும் உண்டு. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஆறாம் நாள்தான் வந்தது, அதுவும் வங்கிக்கு எழுதுகிற ஆங்கிலத்தில். நாலு இடத்தில் போன் போட்டு அர்த்தம் கேட்க வேண்டியிருந்தது. லிஃப்ட் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது, சங்கத்தில் அதற்குப் பணமே இல்லை என்ற விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. அதை எனக்குச் சொன்னது இரண்டாவது மாடி டீச்சரம்மா. மூலப் பத்திரத்தையும் வேல்யூவர் பார்க்க மாட்டார், அதற்கு வக்கீல் தனி. ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

நாங்கள் 43 வரை கேட்டோம், உரிமையாளர் இறங்கவில்லை. இப்போது அடுத்த தெருவில் 15,000 வாடகையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தினமும் பூங்காவுக்குப் போகிறார். காளான் பை இரண்டு குளியலறைக்கு வெளியே தொங்குகிறது, ஒன்றில் பூஞ்சை பிடித்துவிட்டது. போன வாரம் அதே தரகர் 48-க்கு முடித்துத் தருவதாகக் கூப்பிட்டார். லிஃப்ட் மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். "பார்த்துச் சொல்றேங்கம்மா" என்று வைத்தவர், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.